பூதமும் பூதமும் மோதிய பூந்தமல்லி

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்லும் பிரயாணிகளில் பெரும்பாலோர், செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில் இருக்கும் ஈ.வி.பி. பிலிம் சிட்டியின் பெயர்ப்பலகையைக் கண்டும் காணாதவர்களாய்ப் போய்விடுகிறார்கள். ஒரு காலத்தில் ராட்டினங்கள் சுழன்ற கேளிக்கைப் பூங்காவாக இருந்து, பின்னர் படப்பிடிப்பு வளாகமாக மாறிய அந்த நிலத்தில்தான், தமிழ்த் திரையுலகம் இதுவரை கற்பனை செய்த பிரம்மாண்டமான பூதங்கள் இரண்டு ஒன்றையொன்று எதிர்கொண்ட '2.0' என்ற படத்தின் காட்சிகள் பல உருவாயின. இயந்திரத்தில் பிறந்த சிட்டி ஒரு புறம், இறந்த பறவைகளின் ஆற்றாமையில் பிறந்த பக்ஷிராஜன் மறு புறம் என்று நின்ற அந்த யுத்தத்தைக் குறித்து, 2018-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அது வெளியானபோது எழுந்த ஆரவாரமும் வசூல் கணக்குகளும் அடங்கிவிட்ட இந்த வேளையில், கொஞ்சம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், வெவ்வேறு கதைகளில் பிறந்த இரண்டு பயங்கர ஜந்துக்களை ஒரே திரையில் மோத விடுவது உலக சினிமாவில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக நடந்து வரும் ஒரு சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தில் பிறந்த படங்கள் பலவற்றுக்குக் கிட்டாத ஒரு பாக்கியம் நம் படத்துக்குக் கிட்டியது என்று நான் நம்புகிறேன்.

அந்தச் சம்பிரதாயத்தின் சரித்திரத்தைச் சற்றே நினைவுகூர்வோம். 1931-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தாலும், பத்தாண்டு கழித்து 'ஓநாய் மனிதன்' படத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டிய யுனிவர்சல் நிறுவனம், 1943-இல் அவ்விரண்டு பூதங்களையும் ஒரே படத்தில் சந்திக்க வைத்தது. ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக அப்படத்தில் நடித்தவர், டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பேலா லுகோசி. ஃபிராங்கன்ஸ்டைன் தொடரின் முந்தைய பாகத்தின் முடிவில் அந்தப் பூதம் கண் பார்வையை இழந்திருந்ததனால், லுகோசி இரு கைகளையும் முன்னே நீட்டி, குருடன் தடவி நடப்பதுபோல நடந்து நடித்தார். அந்தக் குருட்டுத்தன்மையை விளக்கும் வசனங்களையும் பேசினார். படம் வெளிவருமுன் தயாரிப்பாளர்கள் பூதத்தின் வசனங்கள் அனைத்தையும் வெட்டி எறிந்துவிட்டனர். வசனம் போயிற்று, நடை மட்டும் மிஞ்சிற்று. அன்று முதல் இன்று வரையில், உலகத்தில் எந்தக் குழந்தை ஃபிராங்கன்ஸ்டைனின் பூதத்தைப்போல நடித்துக் காட்டினாலும், ஏன் என்று தெரியாமலே கைகளை முன்னே நீட்டிக்கொண்டுதான் நடக்கிறது. இரண்டு பூதங்களைச் சந்திக்க வைக்கும் அவசரத்தில் ஒரு பூதத்தின் சுய தர்மத்தை வெட்டிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜப்பானியர் 1962-இல் கிங் காங்கையும் காட்ஸில்லாவையும் மோத விட்டபோது நேர்ந்தது வேறொரு விபரீதம். 1933-ஆம் ஆண்டின் மூலப் படத்தில் இருபது இருபத்தைந்து அடிக்கு மேற்படாத உயரமுள்ளதாய், மனித ஸ்திரீ ஒருத்தியின் பால் மோகம் கொண்டு மாண்ட அந்த வாலில்லாக் குரங்கை, ஐம்பது மீட்டர் உயரமுள்ள காட்ஸில்லாவுக்கு ஈடு கொடுப்பதற்காக நாற்பத்தைந்து மீட்டராக வளர்த்து, மின்சாரத்தால் பலம் பெறும் பிராணியாகவும் மாற்றினார்கள். ஜனங்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். ஆனால் ஒரு பெண்ணைக் கையில் ஏந்தும் அளவுடைய மிருகத்துக்கு இருந்த சோகம், மலையளவு வளர்ந்த மிருகத்திடம் இல்லாமற்போயிற்று.

இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்ததுதான் 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்'. 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' ஒரு விண்கலத்தின் இருண்ட தாழ்வாரங்களில் நடக்கும் கதை. ஸ்விட்சர்லாந்தின் ஓவியர் எச். ஆர். கீகர், எலும்பும் இயந்திரமும் இன்னதென்று பிரித்தறிய முடியாதபடி வரைந்த உருவம்தான் அதன் பூதம். 1987-இல் ஜான் மெக்டியர்னன் இயக்கிய 'பிரிடேட்டர்' மழைக் காட்டில் நடக்கும் கதை. ஆயுதம் ஏந்தியவனை மட்டுமே தன் தகுதிக்கு ஏற்ற இரையெனக் கருதி, நிராயுதபாணியை விட்டுவிடும் ஒரு வேட்டைக்காரன் அதன் பூதம். இரண்டும் ஒரே நிறுவனத்தின் சொத்து என்பதைத் தவிர இவற்றுக்குள் யாதொரு பந்தமும் இல்லை. ஆனால் 1989-ஆம் ஆண்டின் இறுதியில் டார்க் ஹார்ஸ் என்ற சித்திரக்கதைப் பதிப்பகம் இரண்டையும் மோத விட்டது. மறு ஆண்டு வெளிவந்த 'பிரிடேட்டர் 2' படத்தின் இறுதியில், வேட்டைக்காரனின் விண்கலத்தில் வெற்றிச் சின்னங்களாக மாட்டியிருந்த மண்டையோடுகளுக்கு நடுவே நீண்ட தலையுடைய ஏலியனின் மண்டையோடு ஒன்று சில விநாடிகள் தெரிந்தது. அந்தச் சில விநாடிகள் ரசிகர்களின் நெஞ்சில் மூட்டிய ஆவல், பதினான்கு ஆண்டுகள் கனன்ற பிறகு, 2004 ஆகஸ்ட் மாதத்தில் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சனின் இயக்கத்தில் ஒரு முழுப் படமாயிற்று.

தென்துருவக் கடலில் பூவே என்ற தீவு. அதன் பனிக்கட்டிக்கு அடியில் புதைந்து கிடக்கும் ஒரு பிரமிடு. நூறாண்டுக்கு ஒரு முறை அங்கே வரும் வேட்டைக்கார இளைஞர்கள், ஏலியன்களைக் கொன்று தங்கள் வீரத்தை நிரூபித்துப் பெரியவர்களாகும் ஒரு சடங்கு. அந்த ஏலியன்கள் பிறப்பதற்கு உடல் தந்து பலியாகும் மனிதர்கள் என்று கதையை அமைத்தார் ஆண்டர்சன். அப்படத்தை எள்ளி நகையாடிய விமரிசகர் பலர். நான் அவர்களோடு முழுவதும் சேரமாட்டேன். வேட்டைக்காரர்களுக்கு ஒரு சடங்கும், அந்தச் சடங்குக்கு ஒரு விதியும், விதியை மீறினால் வரும் கேடும் என்று அவர் கட்டிய அஸ்திவாரம் உறுதியானது. சானா லேதன் நடித்த கதாநாயகி தன் துணிவால் அந்த வேட்டைக்காரனின் மரியாதையைப் பெற்று, ஏலியனின் அமில ரத்தத்தால் கன்னத்தில் அவன் இடும் வடுவைத் தாங்கி நிற்கும் காட்சி உண்மையாகவே நெஞ்சைத் தொடுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு பூதங்களுக்கும் இடையே வேட்டை உண்டு, வழக்கு இல்லை. ஏலியன் பசிக்காக உயிர் வாங்குகிறது. பிரிடேட்டர் பெருமைக்காக உயிர் வாங்குகிறது. இருவரில் எவர் வென்றாலும் நம் மனத்தில் நியாயம் வென்றது என்றோ தோற்றது என்றோ ஒரு சலனமும் எழுவதில்லை. ஆறேழு கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் பதினேழு கோடி டாலருக்கு மேல் ஈட்டியதைக் கண்டு, 2007-இல் இரண்டாம் பாகமும் எடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை.

இந்த அமெரிக்கப் பூதங்களுக்கும் நம் பூந்தமல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு; அது கைவினைஞர்களின் வம்சாவளியில் இருக்கிறது. பிரிடேட்டரின் உருவத்தை முதலில் வேறொருவர் செய்து, அது படப்பிடிப்பில் நகைப்புக்கிடமாகத் தோன்றியதால் தள்ளிவிட்டு, புதிதாகப் படைத்துக் கொடுத்தவர் ஸ்டான் வின்ஸ்டன் என்ற மகா சிற்பி. 1986-இல் வெளிவந்த 'ஏலியன்ஸ்' படத்தின் ராட்சச ராணியை ஆட்களும் கம்பிகளும் நீர்விசைக் குழாய்களும் கொண்டு அசைத்துக் காட்டியவரும் அவரே. ஆகவே, பிற்காலத்தில் மோதிக்கொண்ட அவ்விரு பகைவரில் ஒருவன் முழு உருவமும் பெற்றது அவரது பட்டறையில். மற்றவனது குலத்தின் தாய் உருக்கொண்டதும் அதே பட்டறையில். 2004-ஆம் ஆண்டுப் படத்தின் பூதங்களைச் செய்த அலெக் கில்லிஸ், டாம் உட்ரஃப் இருவரும்கூட அவரிடம் தொழில் செய்து பின் தனியே பிரிந்தவர்கள். 2008 ஜூன் மாதத்தில் வின்ஸ்டன் காலமான பின், அவரது பட்டறையில் மூத்தவர்களாக இருந்தவர்கள் 'லெகசி எஃபெக்ட்ஸ்' என்ற பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்கள். 2010 அக்டோபர் முதல் நாள் வெளிவந்த ஷங்கரின் 'எந்திரன்' படத்தில், சிட்டியின் தோல் உரிந்த உலோக உடலையும், முகம் அசையும் இயந்திரப் பொம்மைகளையும் செய்தளித்தவர்கள் அவர்கள்தாம். '2.0' படத்தின் ஒப்பனை வேலையிலும் அவர்கள் கை இருந்தது.

இதைவிட விசேஷமான ஒரு தொடர்பும் உண்டு. 1987-ஆம் ஆண்டுப் படத்தில் பிரிடேட்டரைத் தன்னந்தனியாக எதிர்த்து வென்ற அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர், 2014 செப்டம்பரில் ஷங்கரின் 'ஐ' படப் பாடல் வெளியீட்டு விழாவுக்காகச் சென்னைக்கு வந்து போனார். '2.0' படத்தில் எதிர்நாயகனாக நடிக்கவும் அவரோடு பேச்சு நடந்தது. அது கைகூடாமற்போகவே, அந்தப் பாத்திரம் அக்‌ஷய் குமாரிடம் வந்தது. கைகூடாமற்போனது நன்மையே என்று எனக்குத் தோன்றுகிறது. வீராதி வீரரான அர்னால்டின் தோள்களில் பக்ஷிராஜன் என்ற மெலிந்த கிழவரின் துக்கம் அமர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தப் படப்பிடிப்பு தொடங்கிய காலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும், அடையாற்றில் சேர்ந்த பிற நீரும் ஒன்றாகிச் சென்னையை மூழ்கடித்தன. பூந்தமல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் தாழ்ந்த வீடுகளில் சுவரில் படிந்த நீர்க்கோடு காய்வதற்குள், அதே டிசம்பர் 16-ஆம் நாள் '2.0' படத்தின் வேலை, ஆடம்பரமான பூஜைகள் ஏதுமின்றி, தொடங்கியது. ஊரே வண்டல் மண்ணை வாரிக்கொண்டிருந்த தருணத்தில் ஊருக்கு மேற்கே ஒரு பூதக் கதைக்குச் சட்டம் அடித்தவர்கள், அந்த ஊரிலேயே வீடு நனைந்த தச்சர்களும் வர்ணக்காரர்களும் லைட்மேன்களும்தாம். இயற்கையை அவமதித்தால் என்ன நேரும் என்று சொல்லும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான, இதைவிடக் கொடுமையான ஆரம்பம் அமைந்திருக்க முடியாது.

கதையை வாசகர்கள் அறிவார்கள். கைபேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் மடிகின்றன என்று நம்பி, அரசாங்கத்திடமும் கம்பெனிகளிடமும் நீதிமன்றத்திடமும் முறையிட்டு ஓய்ந்த பறவையியல் அறிஞர் ஒருவர், ஒரு கைபேசிக் கோபுரத்திலேயே தூக்கிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். அவருடைய ஆவியும் இறந்த பறவைகளின் ஆவிகளும் ஒன்றாகிச் சென்னை நகரத்தின் கைபேசிகளையெல்லாம் பறித்து, அவற்றையே சிறகாகவும் அலகாகவும் அணிந்த ராட்சசப் பறவையாகின்றன. அதை எதிர்க்க வேறு வழியின்றி, முந்தைய படமான 'எந்திரன்' முடிவில் தன்னைத்தானே பிரித்துப் போட்டுக்கொண்டு காட்சிச்சாலையில் பொருளாகக் கிடந்த சிட்டியை மீண்டும் எழுப்புகிறார் விஞ்ஞானி வசீகரன். ரஜினிகாந்த் இந்தப் படத்தில் படைப்பாளியாகவும் படைப்பாகவும், படைப்பிலிருந்து பிறந்த சின்னஞ்சிறு படைப்பாகவும் நடித்தார். பக்ஷிராஜனின் உருவத்தில் பறவையியல் மேதை சாலிம் அலியின் சாயல் இருப்பதைப் பலரும் கண்டு சொன்னார்கள். வசனத்தை ஷங்கரோடு சேர்ந்து எழுதியவர் ஜெயமோகன், இசை ஏ. ஆர். ரகுமான், ஒளிப்பதிவு நீரவ் ஷா, கணினி வரைகலைக்கு ஸ்ரீநிவாஸ் மோகன்.

நேர்மையாகச் சொல்வதானால், 1943-ஆம் ஆண்டு முறைப்படி இது இரண்டு தனித் தொடர்களின் சந்திப்பு அல்ல. சிட்டிக்கு ஒரு முன்கதை உண்டு. பக்ஷிராஜன் இந்தப் படத்திலேயே பிறந்து இந்தப் படத்திலேயே அடங்குகிறவர். ஆயினும், பார்ப்பவர் நெஞ்சில் நிகழ்வது ஒரு சந்திப்புத்தான். ஏனெனில் சிட்டி விஞ்ஞானப் புனைகதையின் புத்திரன். பக்ஷிராஜனோ, நம் பாட்டிமார் சொன்ன பேய்க் கதைகளின் வாரிசு, அநியாயமாக மாண்டவனின் ஆவி. இந்த இரு கதைமரபுகளும் தமிழ்த் திரையில் அதுவரை தனித்தனிக் கொட்டகைகளில் குடியிருந்தன. அவற்றை ஒரே மைதானத்துக்குக் கொண்டுவந்தது ஷங்கரின் துணிச்சல்.

படத்தின் விஞ்ஞானம் பலவீனமானது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆவியை நுண் ஒளித்துகள் என்று விளக்குவதும், அதை நேர், எதிர் என இரண்டாகப் பிரிப்பதும் பாடப்புத்தகத்தில் இடம்பெறக்கூடியவை அல்ல. கைபேசி அலைகளால் பறவைகள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன என்பதும் ஆய்வுகளால் ஸ்தாபிக்கப்பட்ட உண்மை அன்று. சிட்டுக்குருவிகள் குறைந்ததற்குக் கூடு கட்ட இடமின்மை, பூச்சி மருந்துகள், மாறிவிட்ட வீட்டு அமைப்பு என்று வேறு காரணங்களையே அறிஞர்கள் பெரிதும் சுட்டுகிறார்கள். படம் வெளியாகும் தறுவாயில், கைபேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்தது. படம் ஆதாரமற்ற பீதியைப் பரப்புகிறது என்பது அவர்கள் வாதம். ஒரு பூதத்தின் வாதத்துக்கு எதிராகக் கம்பெனிகள் திரண்டு புகார் எழுதின என்றால், அந்தப் பூதத்துக்கு ஒரு வாதம் இருந்தது என்றுதானே பொருள்? ஏலியனுக்கு எதிராக எந்தச் சங்கம் மனுப் போட்டது?

எனக்கு அந்தப் படத்தில் மிகவும் முக்கியமாகத் தோன்றும் இடம் இதுவே. பக்ஷிராஜன் சொல்லும் காரணம் தவறாயிருக்கலாம். ஆனால் அவருடைய துக்கம் தவறல்ல. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நீர்க்காகங்களும் கொக்குகளும் நாமக்கோழிகளும் நீர்மட்டம் பார்த்து வந்திறங்கும் காலைப்பொழுதை அறிந்தவர்களுக்கு, சுற்றிலும் வீட்டுமனைகளாகிவிட்ட சிற்றேரிகளையும் தாங்கல்களையும் நினைக்கும்போது அந்தக் கிழவரின் கண்ணீர் நடிப்பாகத் தெரியாது. சிட்டியோ, நம் வசதிக்காக நாம் செய்த, பின் நாம் அஞ்சி ஆணையிட்டதால் தன்னைத்தானே பிரித்துப் போட்டுக்கொண்ட சேவகன். ஆகவே மோதிய இருவருமே நம்மால் அநீதி இழைக்கப்பட்டவர்கள். எவர் வென்றாலும் நமக்கு ஒரு குற்ற உணர்ச்சி மிஞ்சுகிறது. புறாக்களின் மேல் ஏறிவந்த குட்டி ரோபோக்கள் அப்புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டி, பறவைகள்பால் வைத்த அன்பையே ஆயுதமாக்கிப் பக்ஷிராஜனைத் தளரச் செய்யும் இடத்தில் கொட்டகையில் பலர் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைத்தட்டல் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. நாயகனின் பக்கத்தில் செய்த ஒரு கீழ்மையை வெற்றி என்று கொண்டாடியது, அதுவரை படம் கட்டிய நியாயத்துக்குத் தானே செய்துகொண்ட துரோகம்.

இரு பூதங்களின் சந்திப்புக்கு ஒரு வழக்கு வேண்டும் என்ற கொள்கையை நான் மேல்நாட்டாரிடம் கற்கவில்லை. நம் கோயில் கல்லில் கற்றேன். இரணியனைக் கிழித்த பின்னும் நரசிம்மரின் உக்கிரம் தணியவில்லை என்றும், அந்த வெம்மையில் உலகம் நடுங்கியது என்றும், தேவர்கள் வேண்ட, சிவபெருமான் பாதி சிங்கமும் பாதி பறவையுமான சரபமாக உருவெடுத்து அந்த உக்கிரத்தை அடக்கினார் என்றும் சைவ மரபு கூறும். தாராசுரத்திலும், மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த திருபுவனம் கோயிலிலும் அந்தச் சரப மூர்த்திக்குச் சிறப்பான இடம் உண்டு. வைணவர்கள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. சரபம் வந்தபோது நரசிம்மர் இருதலைப் பறவையான கண்டபேருண்டமாக மாறி அதை எதிர்த்து வென்றார் என்று அவர்கள் மறுகதை கூறினார்கள். இரண்டு சமயங்களின் பெரும் உருவங்கள், ஒவ்வொன்றும் தன் சுய தர்மத்தைக் கைவிடாமல், எதிரியின் வருகையால் மேலும் வளர்ந்து, நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டே இருந்திருக்கின்றன. உக்கிரம் ஒரு தர்ம காரியத்துக்காக எழுந்தால்கூட அதை எவர் அடக்குவது, எப்போது அடக்குவது என்ற பெரிய வழக்கு அந்த மோதலின் நடுவே இருப்பதால்தான், அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம் மேற்குப் புறநகரைப் பார்த்தால் இந்த மோதலின் இரு தரப்பாரும் இங்கே அடுத்தடுத்த தெருவில் குடியிருப்பது விளங்கும். பூந்தமல்லி, ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். கூப்பிடு தூரத்தில் திருமழிசை, ஆழ்வாரின் ஊர். இப்பக்கம் திருவேற்காட்டில் வேதபுரீசுவரரும் கருமாரியம்மனும். ஆவடிக்கு அருகே திருமுல்லைவாயிலில் சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர். இத்தனை மூர்த்திகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கு, இரண்டு பேருருவங்கள் எதிரெதிரே நிற்கும் காட்சியை ஹாலிவுட் வந்து விளக்க வேண்டியதில்லை.

தமிழ்த் திரையும் இதற்கு முற்றிலும் புதியதன்று. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் சேர்ந்து எடுத்த 'காடு' படத்தில், யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி ஆதிகால மாமத யானைகளாக ஆக்கினார்கள். 1963-இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து, ஒரு கலைஞியைத் தங்கள் உலகத்துக்கு எடுத்துச் சென்றார்கள். இப்போதோ கதைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவது ரசிகர்களுக்குப் பழகிவிட்டது: லோகேஷ் கனகராஜின் 'கைதி'யும் 'விக்ர'மும் 'லியோ'வும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை, இந்தியில் 2024 ஆகஸ்டில் வெளிவந்த 'ஸ்த்ரீ 2' படத்தில், வேறொரு படத்தின் ஓநாய் மனிதன் வந்து தலையற்ற பூதத்தோடு மோதினான். தமிழில் இரண்டு விஞ்ஞானப் பூதங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே நம் மனத்தில் இடம்பிடித்த பிறகு, சந்திக்கும் படம் இனிமேல்தான் வரவேண்டும். அது வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்படி வரவேண்டும் என்பதில்தான் கவலை.

கவலைக்கு முதல் காரணம் உயிர்ச்சேதம். 2020 பிப்ரவரி 19-ஆம் நாள் இரவு, இதே ஈ.வி.பி. வளாகத்தில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில், விளக்குகளைத் தாங்கியிருந்த கிரேன் சரிந்து மூவர் மாண்டனர். பெரிய காட்சிக்குப் பெரிய விளக்கு, பெரிய விளக்குக்குப் பெரிய கிரேன் என்று வளர்ந்துகொண்டே போகும் தொழிலில், கீழே நிற்பவனின் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று பார்ப்பதற்கு ஒரு பொறுப்பான அதிகாரியும், அவர் 'நிறுத்து' என்றால் நிற்கும் ஒரு கட்டுப்பாடும் ஒவ்வொரு யூனிட்டிலும் இருந்தே ஆகவேண்டும். பூதப் படங்களில் இந்த அபாயம் பன்மடங்கு. கம்பியில் தொங்கும் நடிகர்கள், இடிந்து விழும் செட்டுகள், புகை, நெருப்பு, நள்ளிரவு வேலை. இவற்றுக்கு நடுவே தினக்கூலிக்கு நிற்கும் மனிதனின் உயிரை எந்தக் கணினி வரைகலையாலும் மீட்டுத் தர முடியாது.

இரண்டாவது காரணம் நம்முடைய கைகளைப் பற்றியது. பிரிடேட்டரையும் சிட்டியையும் செய்தவர்களின் பட்டறைகள் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்தவை. அதற்காக நாம் அவர்களை மெச்சுகிறோம், மெச்ச வேண்டியதுதான். ஆனால் 1964 முதல் இயங்கிவரும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ரப்பர் மோல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஃபைபர் வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், மயிரிழைக் கணக்கில் அச்சு வெட்டும் டை மேக்கர்கள் இருக்கிறார்கள். 1949-லேயே சைக்கிள் தொழிற்சாலை கண்ட ஊர் அது. ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்கியிலிருந்து அர்ஜுன் டாங்கி வரையில், பல டன் எடையுள்ள உலோக உடல்களை அசைத்தும் திருப்பியும் பழகிய கைகள் மூன்று தலைமுறையாக இருக்கின்றன. நீர்விசையால் ஒரு பீரங்கியின் கழுத்தைத் திருப்பத் தெரிந்தவனுக்கு ஒரு யாளியின் கழுத்தைத் திருப்பத் தெரியாதா? ஷிப்டு முடிந்து ராக்கி, முருகன், மீனாட்சி திரையரங்குகளில் டிக்கெட் எடுத்து, தமிழ் பேசும் வெளிநாட்டுப் பூதங்களைப் பார்த்துவிட்டு, 'இதை நம்ம பட்டறையிலேயே பண்ணலாமே' என்று சொல்லிக்கொண்டு வெளியே வரும் அந்தத் தொழிலாளியின் வார்த்தையைத் திரையுலகம் இதுவரையில் செவி கொடுத்துக் கேட்கவில்லை.

தொழிற்பேட்டையிலிருந்து செம்பரம்பாக்கம் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுகிறது. சினிமாத் தொழிலாளர் சம்மேளனமும் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்களும் கவின்கலைக் கல்லூரியின் சிற்ப மாணவர்களும் ஒன்றாய் அமர்ந்து, ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஓராண்டுக்கு ஒரே ஒரு உருவத்தின்மேல் வேலை செய்து பார்க்கட்டும். தாராசுரத்துச் சரபத்தையே முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்: சிங்கத்தின் தாடை, பறவையின் சிறகு, மிருகக் கால்கள். தாடையை அசைப்பது அம்பத்தூரின் பொறுப்பு, கால்களை நடக்க வைப்பது ஆவடியின் பொறுப்பு, சிறகை விரித்துப் படமெடுப்பது பூந்தமல்லியின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டு, தாடையிலிருந்தே வேலையைத் தொடங்கலாம். முகம் பேசிவிட்டால் உடம்பு தானாகத் தொடரும் என்று பொம்மை செய்யும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.